எரிந்த கட்சி வீட்டுப் பெண்

மாசி பிறந்தால் என் வயசுக்காரர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தது, திருவிழா எப்படி நடந்தது, பாட்டும் கூத்தும் எப்படிக் களை கட்டின என்று. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். இந்த வருஷம் விழுங்கப் போவதில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது, பேரப்பிள்ளைகளிடமா? எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் ஒரு எதுகைக்காக நின்றுபோயிற்று. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நின்றது.

கடலூருக்குத் தெற்கே, குடிகாடு தாண்டி எங்கள் ஊர். இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஆலை நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். அப்போது மாசியில் கொல்லை முழுக்க முந்திரி பூத்து, லேசாகப் புளித்த ஒரு வாசனை வீட்டுக்குள் வரை வரும். உப்பனாற்றுச் சேற்று வாடையும் அதோடு கலந்துகொள்ளும். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மண்ணெண்ணெய் கிடையாது, துணிக்குக் கன்ட்ரோல். எனக்கு எட்டு வயசு இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். அக்காவுக்குப் பதினேழு.

மாசி அமாவாசை கழிந்ததும் ஊர் நடுவில் காமன் கம்பம் நடுவார்கள். ஆமணக்குச் செடி, கரும்பு, அதைச் சுற்றி வைக்கோல் பிரி, அடியில் வறட்டி அடுக்கு. பௌர்ணமி அன்றைக்குக் கொளுத்துவார்கள். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மன்மதனை எரித்தாரே, அதுதான் கதை. கொளுத்துகிற வரைக்கும் கம்பத்துக்கு முன்னால் லாவணி நடக்கும். இரண்டு கட்சியாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சியும், எரியவேயில்லை, ரதிக்கு உயிரோடு திரும்பக் கிடைத்தான் என்று ஒரு கட்சியும் பாட்டாலேயே சண்டை போடும். ஒருவர் பாடி முடித்ததும் எதிராளி அதே எதுகையில் அங்கேயே கட்டிப் பாட வேண்டும். நடுவில் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி வையலாம். அந்த வசவெல்லாம் கம்பத்தோடு எரிந்துவிடும், மறுநாள் யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

என் அப்பா எரிந்த கட்சி. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எரியாத கட்சி. மாமா சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தார். பகலெல்லாம் கஜக்கோலும் கையுமாக நிற்கிற மனுஷன், மாசி வந்தால் லீவு போட்டுவிட்டு ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். அந்த மாமாவுக்குத்தான் அக்கா. பிறந்தபோதே பேசி வைத்தது. பங்குனி கழிந்து முகூர்த்தம் என்று முடிவாகியிருந்தது. பேசி வைத்ததற்காகக் கட்டிக்கொள்கிறவளாக அக்கா இல்லை. மாமாவின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே இவள் கையில் இருக்கிற வேலை நின்றுபோகும். அதைப் பார்த்து அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

அப்பாவுக்கு ஒரு டேப்பு இருந்தது. லாவணிக்காரர்கள் கையில் வைத்துத் தட்டுகிற பறை. பலாமரச் சட்டம், ஒரு பக்கம் தோல், விளிம்பில் பித்தளைச் சில்லு. பெண்ணாடத்துப் பாட்டுக்காரர் ஒருவரைத் தோற்கடித்து வாங்கி வந்தது. லாவணியில் தோற்றவன் தன் டேப்பை ஜெயித்தவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா அதைப் பனையோலை கொளுத்திச் சூடு காட்டி, காதோடு வைத்துத் தட்டிப் பார்ப்பார். எங்களில் யாரையும் தொட விட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அந்தத் தோலின் சூட்டை மட்டும் தினமும் பார்ப்பார்.

மாசி மகமும் பௌர்ணமியும் அந்த வருஷம் ஒரே நாளில் வந்தன. காலையில் மாமா வண்டி கட்டி எங்களைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். சுற்று வட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து மணலில் குடை பிடித்து வரிசையாக நின்றன. நசுங்கின சாமந்தி, கற்பூரம், ஈரமணல், வறுத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, எல்லா வாசனையும் ஒன்றாக அடித்தது. அம்மா தண்ணீரில் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வளையல்காரன் முன்னால் அக்கா உட்கார்ந்தாள். மாமா எதிரில் குந்திக்கொண்டு, இன்றைக்குச் சாயங்காலம் பாடப் போகிற பாட்டு என்று மெதுவாகச் சொல்லிக் காட்டினார். தன் அக்கா புருஷனான எங்கள் அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

எரிந்த கட்சி வீட்டுக்குள்ளே
எரியாக் கட்சி விளக்கிருக்கு,
தெரிந்த சேதி ஊருக்கெல்லாம் – மாமா
தெரியலையோ உங்களுக்கு?

அக்காவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "ஐயோ, இதைப் போயி சபையில பாடுவீங்களா? அப்பா இருப்பாரு."

"அவரைப் பாத்துதானே பாடணும். எதிர்க்கட்சி அவருதானே?"

"கோவிச்சிக்கப் போறாரு மாமா."

"பாட்டுக்குக் கோவிச்சிக்கிறவரு பாட்டுக்காரரா? நீ வளையலைப் போடு."

அவளுக்குப் பச்சை வளையல், எனக்குச் சிவப்பு. இப்போது யோசித்தால் தெரிகிறது, ஒரு பெண்ணிடம் ஆசையைச் சொல்ல அந்த மனுஷனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. நேரே சொல்லத் தெரியாது, அவள் அப்பாவைச் சீண்டித்தான் சொல்ல வரும். அவரை மட்டும் சொல்வானேன், எங்கள் ஆண்கள் எல்லாருமே அப்படித்தான்.

மண்ணெண்ணெய்ப் பஞ்சத்தால் அந்த வருஷம் லாவணியைப் பகலுக்கு மாற்றியிருந்தார்கள். மூன்று மணி வெயில் சாய்ந்ததும் ஆரம்பம், நிலா எழும்பும்போது கம்பத்துக்குத் தீ. பெண்களெல்லாம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா அன்றைக்கு நன்றாகத்தான் பாடினார். சாம்பலுக்குச் சாட்சி எது, புகைக்குச் சாட்சி எது என்று மடக்கி மடக்கிக் கேட்டார். மாமா இரண்டு தடவை தடுமாறினார். அப்பா ஜெயிக்கப் போகிற மாதிரிதான் இருந்தது. அப்போது மாமா நிமிர்ந்து உட்கார்ந்து விளக்குப் பாட்டை எடுத்தார்.

ஊரே சிரித்தது. புளியமரத்தடியில் எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். ஒரு கிழவி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். நாட்டாமைகூட "சபாஷ்" என்று தொடையைத் தட்டினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன் வீட்டுப் பெண்ணே எதிர்க்கட்சி என்று சபையில் சொல்லிவிட்டானே என்று அவருக்கு முகம் சுண்டிவிட்டது. டேப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார், சொல் வரவில்லை. தாளம் மூன்று சுற்று சுற்றுவதற்குள் பதில் வராவிட்டால் தோற்றதாக அர்த்தம். எரிந்த, தெரிந்த என்று வந்ததற்கு இணையாக ஒரு சொல் வேண்டும். மூன்றாவது சுற்றின் கடைசியில் அப்பா வாயைத் திறந்தார்.

திரிந்த பேச்சைப் பேசாதே – என்
சபையில் கல்லை வீசாதே,
பிரிந்த உறவு பிரிந்ததுதான் – இனி
பெண்ணைக் கேட்டு வாராதே.

பாட்டு அருமையாக விழுந்தது. முதலில் கைதட்டல்கூடக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அர்த்தம் உறைத்து, ஒவ்வொரு கையாக நின்றது.

விரிந்த என்று ஒரு சொல் இருக்கிறது. புரிந்த, சொரிந்த, எத்தனை சொல் இருக்கிறது தமிழில். இத்தனை வருஷமாக அந்த அடியை மாற்றி மாற்றிப் பாடிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வருகிறது. பள்ளிக்கூடம் போகாத எனக்கு வருகிற சொல், பத்து ஊரில் பேர் வாங்கின அப்பாவுக்கு அந்த ஒரு சமயத்தில் வரவில்லை.

வசவு என்றால் தீயோடு போய்விடும். அப்பா பாடியது வசவு இல்லை, சபதம். கம்பத்துக்கு முன்னால் சொன்ன சபதம் எரியாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதைத் திருப்ப ஒரே வழிதான். மூன்றாம் நாள் சாம்பலில் பால் தெளித்துக் காமனை எழுப்புவார்கள். அதற்குள் சொன்னவர் தன் கையாலேயே தன் டேப்பை எதிராளிக்குக் கொடுக்க வேண்டும். தோற்றேன் என்று ஒப்புக்கொண்டால் சொன்ன சொல்லும் தோற்றுப்போகும். நாட்டாமை எழுந்து, "கம்பத்து முன்னால சொல்லிட்டாரு. நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல. மூணு நாளு இருக்குது, பாத்துக்கிங்க" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். நிலா வந்தது, கம்பத்தைக் கொளுத்தினார்கள். மாமா எங்கள் வீட்டுக்கு வராமல் அப்படியே ரயிலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பாட்டுல வந்துடுச்சி" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன சமாதானம்.

"வந்துடுச்சி. சரி. டேப்பைக் கொடுத்துட்டு வாங்க" என்றாள் அம்மா.

"அவன் வந்து கேக்கட்டும், கொடுக்குறேன்."

"சொன்னவரு நீங்க. நீங்கதான் போவணும்."

"நானா? சபையில என்னைச் சிரிக்க வச்சது யாரு? வயசுல சின்னவன் அவன். வந்து மாமான்னு ஒரு வார்த்தை கேட்டா, நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"பொண்ணு மூஞ்சைப் பாருங்க."

அப்பா பார்க்கவில்லை. அக்கா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் மறுபடியும் களைந்தாள்.

மறுநாள் காலையில் அப்பா களத்துக்குப் போனதும் அம்மா ஒரு காரியம் செய்தாள். ஆணியில் மாட்டியிருந்த டேப்பை எடுத்து, தன் பழைய புடவையில் சுற்றி அக்கா கையில் கொடுத்தாள். புருஷனுக்குத் தெரியாமல் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் பழக்கமில்லாதவள். "சின்னதைக் கூட்டிக்கிட்டு போ. மாமன் கையில கொடு. அப்பா கொடுத்தாருன்னு சொல்லு, கொடுக்கலைன்னு சொல்லு, எதை வேணா சொல்லு. எனக்கு நீ வாழணும்" என்றாள். வயசுப் பெண்ணைத் துணையில்லாமல் ரயிலேற்றுகிற காலம் இல்லை அது. ஆலப்பாக்கம் வரை நடந்து பாசஞ்சரைப் பிடித்தோம். அக்கா மூட்டையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள். புதுச்சத்திரத்தில் ஏறின ஒரு அம்மாள் மூட்டையைப் பார்த்து, "கொழந்தைக்கு ஒடம்புக்கு ஆவலியா?" என்று கேட்டாள். வண்டி குலுங்கினபோது சில்லு கலகலத்தது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கிள்ளை தாண்டுகிற வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மாமா கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா அவ்வளவு நம்பியிருந்தாள்.

அன்றைக்குக் கன்ட்ரோல் துணி வந்த நாள். கடை வாசலிலிருந்து தெருமுனை வரை கூட்டம். மாமா எங்களைப் பார்த்ததும் கஜக்கோலை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கோபுரத்து நிழலில் நின்று பேசினார்கள். அக்கா புடவையைப் பிரித்துக் காட்டினாள். மாமாவின் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. விரலால் தோலைத் தடவினார். ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"மாமா கொடுத்தனுப்பிச்சாரா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அம்மா கொடுத்தாங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். "இது அவரு கையால வரணும். பொம்பளைங்க தெரியாம எடுத்தாந்து கொடுத்ததை நான் வாங்கிக்கிட்டா, அது ஜெயிச்சதா ஆவுமா? நாளைக்கு ஊர்ல என்னா சொல்லுவாங்க?"

"ஊரு என்னா சொன்னா என்னா? அவரு நீங்க வந்து கேட்டா கொடுக்குறேன்றாரு. ஒருதரம் வந்துட்டுப் போங்க மாமா."

"நானா போயி கேக்கறதா? கொடுன்னு கையேந்தறதுக்கு நான் தோத்தவனா? ஜெயிச்சவன்டி நான். மூணு சுத்து வரைக்கும் திணறினது அவரு."

"டேப்பைப் பாக்காதீங்க மாமா. என்னைப் பாருங்க. நான் வந்திருக்கேன்."

அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொன்னால் பாவம். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் "அவரு கையால வரட்டும், இன்னும் நாளு இருக்குது" என்றுதான் சொன்னார். பிறகு, "பசியோட போவாதீங்க" என்று எங்களை ஓட்டலுக்கு அழைத்துப் போய் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கொத்சு அவ்வளவு ருசி. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா இலையைத் தொடவில்லை. திரும்புகிற ரயிலில் அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொள்ளாமல் பலகைக்கு அடியில் காலோரமாகப் போட்டிருந்தாள்.

அப்பா வருவதற்குள் அம்மா டேப்பை ஆணியில் மாட்டிவிட்டாள். அது சிதம்பரம் போய்வந்த விஷயம் அவருக்குக் கடைசி வரை தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஊரார் சாம்பலைச் சுற்றி நின்றார்கள். அப்பா டேப்பைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, ரயிலடிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலை தெரிந்தால்கூட எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பால் தெளிக்கிற நேரத்தை அவருக்காக நாட்டாமை கொஞ்சம் தள்ளிக்கூட வைத்தார். கொடுக்கத் தயாராக ஒருவர் இங்கே, வாங்கத் தயாராக ஒருவர் அங்கே. நடுவில் ஒரு பாசஞ்சர் ரயில் தூரம். பாலைத் தெளித்தார்கள். காமன் எழுந்துவிட்டான் என்று குலவை போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் வாய்க்குப் பயந்து அப்பா அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடினார். பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு போடுகிற வீடு. அவர் நல்லவர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவளை விட ரொம்பப் பெரியவர், அதிகம் பேசாதவர், பாட்டுச் சத்தம் கேட்டால் தலையை வலிக்கிறது என்பார். வைகாசியில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டார்கள்.

தாய்மாமன் வந்து மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் தாலி கட்ட முடியும். இந்த வழக்கத்தை வைத்தவன் யாரோ, அவன் வீட்டில் பெண் பிள்ளை இருந்திருக்காது. மாமா வருவாரா மாட்டாரா என்று பந்தலே பேசிக்கொண்டிருந்தது. அவர் வந்தார். சீர்த்தட்டு, புடவை, பழம், மாலை எல்லாம் குறைவில்லாமல் எடுத்துக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்த முகத்தோடு வந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து பட்டத்தை நெற்றியில் வைத்துக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததும் முறைப்படி அவர் காலில் விழுந்தாள். "நல்லாயிரு" என்றார் மாமா.

அப்போதுதான் அப்பா பந்தல் மூலையிலிருந்து வந்தார். "வா மச்சான்" என்றார். மாமா "மாமா" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குழந்தைகள் மாதிரி அழுதார்கள். அப்பா உள்ளே ஓடிப் போய் டேப்பை எடுத்துவந்து, தன் கையாலேயே, மாமா கையில் வைத்தார். "உனுக்குத்தான் இது. நீதான் அன்னிக்கி ஜெயிச்ச" என்றார். மாமா, "ஐயையோ, நீங்கதான் மாமா ஜெயிச்சீங்க, எனுக்கு எதுக்கு?" என்றார். நீ வாங்கு, நீங்க வச்சிக்கிங்க என்று கொஞ்ச நேரம் இழுபறி. பந்தல் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நாட்டாமை எழுந்து நின்று, "பொண்ணு ராசி! கல்யாணத்தால ரெண்டு குடும்பமும் ஒண்ணாயிடுச்சி பாருங்க" என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மா மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அக்கா பக்கத்தில் அவள் மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டத்துக்குக் கீழே அவள் நெற்றி வியர்த்திருந்தது. கட்டிக்கொண்டு நிற்கிற அந்த இரண்டு பேரையும் அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டு பேருல ஒருத்தரும் தோக்கல, பாத்தியாடி."